டீலேமினேஷன் இருக்குற பீம்ல ஃப்ரீக்வென்சி குறையாம ஏறுது, எங்க தப்பு பண்றேன்?

கதிர்_மெக்

எல்லாருக்கும் வணக்கம். நான் எம்.இ. ரெண்டாவது வருஷம். கண்ணாடி இழை எப்பாக்ஸி பீமைத் தட்டி, நேச்சுரல் ஃப்ரீக்வென்சி (தட்டினா பீம் தானா ஆடுற வேகம்) மாறுறத வச்சு உள்ள டீலேமினேஷன் (லேயர்கள் ஒண்ணை விட்டு ஒண்ணு பிரியுறது) இருக்கா இல்லையான்னு சொல்றதுதான் ப்ராஜெக்ட். எந்த புக்க எடுத்தாலும் பழுது வந்தா விறைப்பு குறையும், விறைப்பு குறைஞ்சா ஃப்ரீக்வென்சி இறங்கும்னுதான் இருக்கு. எனக்கு நேர்மாறா வருது, மூணு நாளா இதே வேலையா இருக்கேன்.

செட்டப் சொல்றேன். 12 லேயர் வோவன் கிளாஸ், ஹேண்ட் லேஅப் (கையாலயே ரெசின் தடவி லேயர் லேயரா அடுக்குறது), தடிமன் 3 மிமீ, அகலம் 25, மொத்த நீளம் 300. அதுல 50 மிமீ பெஞ்ச் வைஸ்ல பிடிச்சு மிச்சம் 250 மிமீ கான்டிலீவரா வெளிய நிக்குது. பழுது பீம்ல ஆறாவது ஏழாவது லேயருக்கு நடுவுல 40 மிமீ நீளத்துக்கு டெஃப்ளான் ஷீட் வச்சு லேஅப் பண்ணோம். நுனியில ஆக்ஸிலரோமீட்டரை (அதிர்வு அளக்குற சென்சார்) மெழுகு வச்சு ஒட்டி, இம்பேக்ட் ஹேமரால தட்டி, 4 விநாடி ரெக்கார்ட் பண்றேன்.

நல்ல பீம்: முதல் மோட் (பீம் ஆடுற வடிவங்கள்ல மொதலாவது) 20.25 ஹெர்ட்ஸ். பழுது பீம்: 20.75 ஹெர்ட்ஸ். ஃபார்முலாவுல போட்டா 25.5 வரணும், அதுவும் ஒத்துவரல. மூணு வாரத்துல ரிவ்யூ இருக்கு. யாராவது பாத்து சொல்லுங்க ப்ளீஸ்.

பழைய_லேப்

தம்பி, பதில் சொல்றதுக்கு முன்னாடி சில கேள்வி. நல்ல பீமும் பழுது பீமும் ஒரே பிளேட்ல வெட்டினதா? ரெண்டையும் மைக்ரோமீட்டர்ல அளந்தீங்களா, இல்ல 3 மிமீன்னு நினைச்சுக்கிட்டீங்களா? ஆக்ஸிலரோமீட்டர் எத்தனை கிராம்? வைஸை எவ்வளவு டைட் பண்ணீங்க? ரெண்டு டெஸ்ட்டும் ஒரே நாளா?

கதிர்_மெக்

சார், ரெண்டும் வேற வேற பிளேட், டெஃப்ளான் வச்சது தனியா போட்டது. மைக்ரோமீட்டர்ல அளக்கல, ஸ்கேல்ல பாத்தேன். ஆக்ஸிலரோமீட்டர் 5 கிராம். வைஸ் கையால முடிஞ்ச மட்டும் டைட். நல்ல பீம் வியாழக்கிழமை மத்தியானம் எடுத்தேன், அன்னைக்கு லேப்ல ஏசி ஓடல. பழுது பீம் சனிக்கிழமை காலையில, ஏசி ஓடிச்சு.

பழைய_லேப்

சரி, விஷயம் இப்ப புரிஞ்சுடுச்சு. ஒண்ணொண்ணா கணக்குப் போட்டே காட்டிடுறேன், ஏன்னா இத நான் வருஷா வருஷம் பசங்களுக்கு சொல்லியிருக்கேன், கணக்கோட காட்டாட்டி யாரும் நம்புறதில்ல.

மொதல்ல அந்த 25.5. உங்க பீமோட வெளிய நிக்கிற பகுதி சுமார் 35 கிராம் எடை. முதல் மோட்ல கான்டிலீவர் நுனியில அதுல கால்வாசிக்கும் கொஞ்சம் கம்மியாத்தான் எடையா வேலை செய்யும், அதாவது 8.4 கிராம். அது மேல நீங்க 5 கிராம் சென்சாரை ஒட்டிட்டீங்க. எட்டரை கிராம் ஆடவேண்டிய இடத்துல பதிமூணரை கிராம் ஆடுது. 8.4ஐ 13.4ஆல வகுத்து வர்க்கமூலம் எடுங்க, 0.79 வரும். 25.5ஐ 0.79ஆல பெருக்குங்க. 20.2. உங்க ஃபார்முலாவும் சரி, உங்க மெஷர்மென்ட்டும் சரி, ஆனா நீங்க அளந்தது பீமை இல்ல, பீமும் சென்சாரும் சேர்ந்த ஒண்ணை. அரை கிராம் சென்சார் போட்டாக்கூட 3 சதவீதம் இறங்கும்.

அடுத்தது வைஸ். கான்டிலீவர் ஃப்ரீக்வென்சி நீளத்தோட வர்க்கத்துக்கு எதிரா போகும். 250 மிமீல ஒரே ஒரு மிமீ உள்ள வெளிய போனா 0.8 சதவீதம் மாறிடும். கழட்டி மாட்டும்போது ஒரு மிமீ தப்பாம மாட்ட எத்தனை பேரால முடியும்? டைட் கம்மியா இருந்தா வைஸுக்குள்ளயே பீம் கொஞ்சம் வளையும், அப்ப நீளம் கூடின மாதிரிதான் அது நடந்துக்கும்.

அப்புறம் ரெக்கார்ட் நேரம். 4 விநாடி எடுத்தா ஸ்பெக்ட்ரத்துல 0.25 ஹெர்ட்ஸுக்கு ஒரு கோடுதான் கிடைக்கும். 20 ஹெர்ட்ஸ்ல அது ஒண்ணேகால் சதவீதம். உங்க ரெண்டு ரிசல்ட்டுக்கும் நடுவுல ரெண்டே கோடுதான் வித்தியாசம்.

கடைசியா தடிமன், இதுதான் பெரிய ஆளு. ஃப்ரீக்வென்சி தடிமனுக்கு நேரா போகும். 3.0 இருக்கவேண்டிய இடத்துல 3.1 இருந்தா 3 சதவீதத்துக்கு மேல ஏறும். ஹேண்ட் லேஅப்ல பத்துல ஒரு மிமீ வித்தியாசம் வராத பிளேட்டை நான் இன்னும் பாக்கல.

இப்ப சொல்லுங்க, நடுவுல 40 மிமீ டீலேமினேஷன் முதல் மோடை எவ்வளவு இறக்கும்? ஒரு சதவீதமே பெருசு. விறைப்பு ஒரு சதவீதம் போனா ஃப்ரீக்வென்சி அரை சதவீதம்தான் போகும், வர்க்கமூலம் இருக்குல்ல. மத்ததெல்லாம் சேர்ந்து அஞ்சாறு சதவீதம் இழுத்துக்கிட்டு இருக்கும்போது இந்த அரை சதவீதம் எங்க தெரியும்?

அதனால பழுதைத் தேடுறத ரெண்டு நாள் நிறுத்தி வைங்க. நல்ல பீமை மட்டும் எடுத்து, கழட்டி, மாட்டி, தட்டி, திரும்ப கழட்டி, பத்து தடவை பண்ணுங்க. ஒண்ணுமே மாறாதப்ப உங்க நம்பர் எவ்வளவு மாறுதுன்னு தெரியாம, மாறினத பாத்து பழுதுன்னு சொல்ல உங்களுக்கு வழியே இல்ல.

கயிறும்_காத்தும்

நான் ஆரல்வாய்மொழி பக்கம் காத்தாலை பிளேடு ரிப்பேர் வேலையில பன்னிரண்டு வருஷமா இருக்கேன், கயித்துல தொங்கித்தான் வேலை. மேல சார் சொன்ன கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது, ஆனா அவர் சொல்லுத விஷயம் எங்க வேலையில தினமும் நடக்கிறது, அதான் சொல்லுதேன்.

பிளேடுல ஸ்கின் விட்டுப்போச்சான்னு பாக்க நாங்க சின்ன சுத்தியலாலயோ காசாலயோ தட்டிக்கிட்டே வருவோம். நல்ல இடத்துல டக் டக்னு தெளிவா கேக்கும். விட்டுப்போன இடத்துல டொப்புனு அமுங்கிப் போகும், கைக்கே அந்த வித்தியாசம் தெரியும், சுத்தியல் திரும்பி எழும்புறது மந்தமா இருக்கும். மண்பானை வாங்கப் போனா அம்மா சுண்டிப் பாப்பாங்கல்லா, அதே வேலைதான்.

ஆனா புதுசா வர்ற பையன்க மொத நாள் பூரா பழுது பழுதுன்னு மார்க்கரால வட்டம் போட்டுக்கிட்டே வருவாங்க. என்னன்னு பாத்தா, பிளேடுக்குள்ள பாரத்தைத் தாங்குற தடிமனான ஸ்பார் கேப் முடிஞ்சு பால்சா மரமோ ஃபோமோ வச்ச சாண்ட்விச் ஆரம்பிக்கிற இடத்துலயும் சத்தம் மாறத்தான் செய்யும். பசை போட்டு ஒட்டுன ட்ரெய்லிங் எட்ஜ்ல ஒரு சத்தம், லீடிங் எட்ஜ்ல ஒரு சத்தம். அதெல்லாம் பழுதில்ல, பிளேடு கட்டுமானமே அப்படித்தான்.

அதுக்கு நாங்க செய்றது என்னன்னா, ஒரு மெஷின்ல மூணு பிளேடு இருக்குல்லா, சந்தேகம் வந்த இடத்தை ரூட்ல (பிளேடோட அடிப்பக்கம்) இருந்து டேப் வச்சு அளந்து, அதே தூரத்துல அதே பக்கத்துல அடுத்த ரெண்டு பிளேடுலயும் தட்டிப் பாப்போம். மூணுலயும் டொப்புனு கேட்டா கட்டுமானம். ஒண்ணுல மட்டும் கேட்டா அங்க கை வைப்போம். தம்பிக்கு நல்ல பீம் ஒண்ணு பழுது பீம் ஒண்ணுன்னு ரெண்டே ரெண்டு இருக்கதனாலதான் இந்தக் குழப்பம்னு தோணுது.

மே கடைசியில காத்து சீசன் ஆரம்பிச்சிட்டா மேல ஏறவே முடியாது, ஏறுனாலும் காத்து இரைச்சல்ல காது கேக்காது. அதனால இந்த தட்டுற வேலை பூரா ஆஃப் சீசன்லதான்.

பழைய_லேப்

அண்ணே, நீங்க கையால உணர்றத அளந்தே எழுதி வச்சிருக்காங்க. 1988ல காலியும் ஆடம்ஸும் இந்த காயின் டேப் முறையை எடுத்து சுத்தியல்ல வர்ற விசையை மெஷர் பண்ணாங்க. பழுது மேல தட்டினா அந்த இடம் ஒரு மெல்லிய ஸ்ப்ரிங் மாதிரி நடந்துக்குது, விசையோட உச்சம் குறையுது, தட்டு நீடிக்கிற நேரம் கூடுது, அதனால ஹை ஃப்ரீக்வென்சி போயிடுது. டொப்புனு கேக்குறதுக்கு காரணம் அதுதான். மேல்பக்கத்துக்குக் கிட்ட இருக்குற பழுதுக்கு இது அருமையா வேலை செய்யும், தடிமனான லேமினேட்டோட அடியில இருந்தா சத்தம் மாறாது.

நிலா_டேட்டா

நான் டேட்டா பக்கம் வேலை பாக்குறவ, ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்லிட்டு போறேன் கதிர். இந்த டாபிக்ல வர்ற நிறைய ஸ்டூடன்ட் ப்ராஜெக்ட்டை ரிவ்யூ பண்ணியிருக்கேன், எல்லாத்துலயும் கடைசியில நியூரல் நெட்வொர்க் போட்டு 98 சதவீதம் 99 சதவீதம்னு அக்யூரசி வரும். என்ன பண்ணியிருப்பாங்கன்னா, ஒரு நல்ல பீமை நூறு தடவை, ஒரு பழுது பீமை நூறு தடவை தட்டி, அந்த இருநூறையும் கலக்கி எண்பது சதவீதத்தை ட்ரெய்னிங்குக்கும் இருபதை டெஸ்ட்டுக்கும் பிரிச்சிருப்பாங்க. அந்த மாடல் பழுதைக் கத்துக்கல, இது இந்த பீம், அது அந்த பீம்னு ஆள் அடையாளம்தான் கத்துக்கிச்சு. உங்க கேஸ்ல 20.75 வந்தா பழுதுன்னு சந்தோஷமா சொல்லிடும், தடிமனால வந்த நம்பர்னு அதுக்கு எப்படித் தெரியும். மாடல் போடணும்னா டெஸ்ட்டுக்கு வைக்கிற பீம் ட்ரெய்னிங்ல ஒரு தட்டுகூட வந்திருக்கக் கூடாது. இத பண்ணா அக்யூரசி கண்டிப்பா இறங்கும், ஆனா அந்த நம்பர்தான் உங்களோடது.

வன்னி_விமானம்

வணக்கம். நான் கனடாவில விமானப் பராமரிப்பில வேலை செய்யிறன். தட்டிப் பாக்கிறதைப் பற்றி மேல அண்ணை எழுதினதை வாசிச்ச உடன ஒரு சம்பவத்தைச் சொல்ல வேணும் எண்டு நினைச்சன், எங்கட துறையில எல்லாருக்கும் தெரிஞ்ச ஒண்டு.

2005 மார்ச் 6, ஏர் ட்ரான்சாட் 961, கியூபா வரடேரோவில இருந்து கியூபெக் சிட்டிக்குப் போற ஏர்பஸ் ஏ310. 35,000 அடியில போகேக்க பெரிய சத்தம் ஒண்டு, பிறகு விமானம் இடமும் வலமுமா உலாஞ்சத் தொடங்கிட்டுது. உயரம் குறைச்ச பிறகு அந்த ஆட்டம் அடங்க, திருப்பி வரடேரோவுக்கே கொண்டு வந்து இறக்கினவை. இறங்கிப் பாத்தால் வாலில திசை திருப்பிற ரடர் ஏறத்தாழ முழுக்கவே இல்லை. 271 பேர் உள்ளுக்கு இருந்தவை, எல்லாரும் தப்பினது பெரிய புண்ணியம்.

அந்த ரடர் தேன்கூடு மாதிரி உள்ளீடு (கோர்) ஒண்டை நடுவில வைச்சு ரெண்டு பக்கமும் கார்பன் ஸ்கின் ஒட்டின சாண்ட்விச். கனடாப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை விசாரிச்சுச் சொன்னது என்னெண்டால், பெரும்பாலும் ஸ்கின் கோரை விட்டு விலகின மாதிரியோ கோர் உள்ளுக்கு உடைஞ்ச மாதிரியோ ஒரு பழுது இருந்து, அது பறக்கேக்க வளந்து, விறைப்புக் குறைஞ்சு, ரடர் படபடக்கத் தொடங்கிப் பிய்ஞ்சு போட்டுது எண்டு. அந்த நேரம் இருந்த பரிசோதனை முறை, கண்ணால பாக்கிறதும் தட்டிப் பாக்கிறதும், இப்பிடியான பழுதை நேரத்தோட பிடிக்கப் போதாமல் இருந்திருக்கலாம் எண்டும் அவை எழுதினவை.

நான் தட்டிப் பாக்கிறதைக் குறை சொல்லேல்ல, இண்டைக்கும் நான் தட்டிக்கொண்டுதான் இருக்கிறன். பழுது ஒண்டு இருக்கு எண்டதைக் காது சொன்னால் நம்பலாம். ஒண்டுமில்லை எண்டு காது சொன்னால் அதை மட்டும் வைச்சுக் கையெழுத்துப் போட எனக்குக் கை வராது.

தம்பி, உங்கட வேலை அந்த இடத்துக்கு உதவக்கூடிய வேலை. விட்டிடாதேங்கோ.

தூண்_உத்திரம்

சிவில் பக்கத்துல இருந்து ரெண்டு வார்த்தை. கம்போசிட் இல்ல, ஆனா பாடம் ஒண்ணுதான். 1993ல அமெரிக்காவுல நியூ மெக்ஸிகோ மாநிலத்துல அல்புகர்க்கி பக்கம் ரியோ கிராண்டே ஆத்து மேல இருந்த ஐ-40 பாலத்தை இடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட் பண்ணாங்க, ஒரு பெரிய ஸ்டீல் கர்டரை நாலு கட்டமா அறுத்து ஒவ்வொரு தடவையும் வைப்ரேஷன் எடுத்தாங்க. மொத மூணு கட்டம் வரைக்கும் முதல் ஃப்ரீக்வென்சி கிட்டத்தட்ட அசையவே இல்ல, ஆரம்பத்துல லேசா ஏறக்கூட செஞ்சுது. கடைசியா அடித்தட்டை முழுசா அறுத்தப்பத்தான் 2.48 ஹெர்ட்ஸ்ல இருந்து 2.30க்கு வந்துச்சு. அத்தனை பெரிய வெட்டுக்கே 7 சதவீதம்தான். அதே நியூ மெக்ஸிகோவுல அலமோசா கேன்யன் பாலத்துல ஒரு நாள் பகல் ராத்திரி வெயில் மாற்றத்துக்கே முதல் ஃப்ரீக்வென்சி 5 சதவீதம் போயி வந்துச்சு. சுவிட்சர்லாந்து இசட்-24 பாலத்துல குளிர்ல தார் ரோடு உறைஞ்சு, பாலமே விறைச்சு ஃப்ரீக்வென்சி ஏறிடுச்சு.

அதனால உங்க ஏசி சமாச்சாரத்தை சின்னதா நினைக்காதீங்க ப்ரோ, ஒவ்வொரு ரீடிங் பக்கத்துலயும் டெம்பரேச்சர் எழுதுங்க. இப்ப எழுதாட்டி பின்னாடி எந்த சாஃப்ட்வேர் வச்சும் அத கொண்டுவர முடியாது.

கதிர்_மெக்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு பேர் பதில் போடுவீங்கன்னு நினைக்கல. இன்னைக்கு மைக்ரோமீட்டர் வாங்கி ரெண்டு பீமையும் அஞ்சஞ்சு இடத்துல அளந்தேன். நல்ல பீம் சராசரி 2.94, பழுது பீம் 3.02. பழுது பீம்தான் தடிமன். பத்து தடவை கழட்டி மாட்டினதுல ஒரே பீம் 19.75ல இருந்து 20.5 வரைக்கும் போகுது. அதாவது என் ரெண்டு ரிசல்ட்டுக்கும் நடுவுல இருந்த 0.5 வித்தியாசத்தை விட ஒரே பீமோட ஆட்டமே பெருசு.

சார், அந்த 0.08 மிமீக்கு கணக்குப் போட்டு கழிச்சிட்டா மிச்சம் பழுதுன்னு சொல்லலாமா? அப்புறம் கைடு மோட் ஷேப் கர்வேச்சர் பண்ணச் சொல்றாங்க, ஒரு சீனியர் லேம் வேவ் (தகட்டுக்குள்ள ஓடுற அல்ட்ராசவுண்ட் அலை) பண்ணுன்னு சொல்றார். எது பண்றது?

பழைய_லேப்

கழிக்காதீங்க. அந்த 0.08 மிமீ ரெசின் கூடினதால வந்திருந்தா மாடுலஸ் (பொருளோட விறைப்பு) கொஞ்சம் இறங்கியிருக்கும், டெஃப்ளான் ஷீட்டே கொஞ்சம் இடம் எடுத்திருக்கும். தெரியாத ரெண்ட வச்சு தெரியாத மூணாவதைக் கண்டுபிடிக்கிற கதை ஆயிடும். ஒரே பீமை எடுங்க, பழுது ஆகுறதுக்கு முன்னாடி அளங்க, அதையே பழுதாக்குங்க, திரும்ப அளங்க. தடிமன் பிரச்சினை அதோட தீந்துச்சு.

கர்வேச்சர் விஷயம். 1991ல பாண்டே, பிஸ்வாஸ், சம்மான் கொண்டு வந்தது, நல்ல ஐடியா. விறைப்பு போன இடத்துல வளைவு கூடும், அதனால ஷேப்பை ரெண்டு தடவை டெரிவேட்டிவ் எடுத்தா அந்த இடம் தூக்கிக் காட்டும். ஆனா ரெண்டு தடவை டெரிவேட்டிவ்னா பக்கத்து மூணு பாயின்ட்டோட பிழையும் சேர்ந்து, இடைவெளியோட வர்க்கத்தால வகுபடும். பாயின்ட்டை நெருக்கமா வச்சா நாய்ஸ் பிச்சுக்கிட்டு வரும், தள்ளி வச்சா பழுது ரெண்டு பாயின்ட்டுக்கு நடுவுல ஒளிஞ்சுக்கும். லேசர் வைப்ரோமீட்டர் வச்சு நூறு பாயின்ட் ஸ்கேன் பண்ண முடிஞ்சா பண்ணுங்க. எட்டு பாயின்ட் ஆக்ஸிலரோமீட்டர்ல வேண்டாம், அதுலயும் 5 கிராம் சென்சாரை இடம் மாத்தி மாத்தி ஒட்டினா ஒவ்வொரு தடவையும் வேற பீம்.

லேம் வேவ்ல சின்ன பழுதும் மாட்டும், அதுக்குக் காரணம் அலைநீளம். இந்த மாதிரி தகட்டுல 100 கிலோஹெர்ட்ஸ் வளைவு அலை ஒண்ணோட நீளம் சுமார் ஒரு செ.மீ., 40 மிமீ பழுது அதுக்கு பெரிய சுவர் மாதிரி. உங்க 20 ஹெர்ட்ஸ் மோடுக்கு பீம் பூராவுமே ஒரு அலைக்குள்ள அடங்கிடுது, அதுக்கு 40 மிமீ கண்ணுலயே படாது. ஆனா பீசோ, ஆம்ப்ளிஃபையர்னு மூணு வாரத்துல முடியாது. அதுவும் சூட்டுல அலை வேகம் மாறும், பேஸ்லைன் (பழுதுக்கு முந்தின அளவு) தலைவலி அங்கயும் இருக்கு.

நீங்க பண்ணக்கூடியது இதுதான். வைஸைத் தூக்கி எறியுங்க. 300 மிமீ பீமையும் ரெண்டு தூண்டில் நரம்புல தொங்க விடுங்க, முனையில இருந்து நீளத்துல 0.224 பங்கு தள்ளி, அதாவது 67 மிமீல ரெண்டு பக்கமும். முதல் மோட்ல அந்த இடம் ஆடாது, அதனால நரம்பு பீமைத் தொந்தரவு பண்ணாது. சென்சாரையும் எடுத்துடுங்க. பக்கத்துல ஒரு மைக் வச்சு சத்தத்தைப் பிடிங்க, காத்து மூலமா கேக்குற மைக்குக்கு எடையே இல்ல. முதல் மோட் 110 ஹெர்ட்ஸ் பக்கம் வரும், நல்லாவே கேக்கும். பத்து விநாடி ரெக்கார்ட் பண்ணா 0.1 ஹெர்ட்ஸுக்கு ஒரு கோடு. மூணு மோடாவது எடுங்க.

ஏன் மேல் மோட்னா, ஒரு நோட்டுப் புத்தகத்தை வளைச்சுப் பாருங்க, பக்கங்கள் ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கும். டீலேமினேஷன்ல நடக்குறது அந்த வழுக்கல்தான். வழுக்க வைக்கிறது ஷியர் ஃபோர்ஸ், அதாவது வெட்டு விசை. ஷியர் இல்லாம வெறும் வளைவு மட்டும் இருக்குற இடத்துல, சுத்தி ஒட்டியிருக்குற டீலேமினேஷன் விறைப்பைப் பெருசா தொடாது. எந்த மோட்ல பழுது இருக்குற இடத்துல ஷியர் அதிகமோ அந்த மோட்தான் இறங்கும்.

நிலா_டேட்டா

பேஸ்லைனே கிடைக்காத இடத்துக்கு ஒரு வழி இருக்குல்ல சார்? மெதுவாவும் ஓங்கியும் தட்டிப் பாக்குறது?

பழைய_லேப்

ஆமா, நல்லா ஞாபகப்படுத்தினீங்கம்மா. விட்டுப்போன ரெண்டு லேயரும் ஆடும்போது வாய் திறந்து மூடும், ஒண்ணோட ஒண்ணு உரசும். அதனால ஓங்கித் தட்டினா ஃப்ரீக்வென்சி கொஞ்சம் இறங்கும், டேம்பிங் (ஆட்டம் அடங்குற வேகம்) கூடும், ரெண்டு மடங்கு மூணு மடங்கு ஃப்ரீக்வென்சில புதுசா பீக் வரும். முழுசான பீம்ல மெதுவா தட்டினாலும் ஓங்கித் தட்டினாலும் ஒரே இடம்தான். கதிர், இதையும் ஒரு பக்கம் பண்ணி வைங்க. டெஃப்ளான் வச்ச பீமை நம்பி இத பண்ணாதீங்க, அது நிஜ விரிசல் மாதிரி உரசாது.

கயிறும்_காத்தும்

தம்பி, பழுதாக்கும்போது சுத்தியலால கண்டபடி அடிக்காதீங்க, ஒரு உருண்டை முனைய வச்சு ஒரே உயரத்துல இருந்து எடையைப் போடுங்க. அடிச்ச பக்கம் ஒண்ணும் தெரியாது, பாத்துக்கிடுங்க, பின்பக்கம்தான் லேயர் விட்டிருக்கும். கண்ணாடி இழைல ஒரு வசதி இருக்கு, பெயின்ட் இல்லாத துண்டுன்னா மொபைல் டார்ச்சை பின்னால பிடிச்சா விட்டுப்போன இடம் வெள்ளை மேகம் மாதிரி தெரியும். அதை பேனாவால சுத்தி வரைஞ்சு வச்சிட்டா பழுது எவ்வளவு அகலம்னு கையில இருக்கும்.

கதிர்_மெக்

பதினோரு நாள் கழிச்சு வர்றேன், சாரி. எல்லாம் திரும்ப ஆரம்பத்துல இருந்து பண்ணேன்.

புது பீம் ஒண்ணு, தடிமன் 3.00. தூண்டில் நரம்புல தொங்க விட்டு மைக்ல எடுத்தேன். பத்து தடவை இறக்கி ஏத்தினேன், முதல் மோட் 112.4, 0.1க்கு மேல அசையல. அந்த கிராஃபைப் பாத்தப்ப வந்த சந்தோஷத்தை எப்படி சொல்றதுன்னு தெரியல, வைஸோட பத்து தடவையும் இதையும் பக்கத்துல வச்சுப் பாத்துக்கிட்டே இருந்தேன். அப்புறம் ஏசி ஆஃப் பண்ணி மத்தியானம் வரைக்கும் வச்சு எடுத்தேன், 0.3 ஹெர்ட்ஸ் இறங்கிச்சு. அதனால எல்லாம் ஏசி போட்டு ஒரு மணி நேரம் கழிச்சு 26 டிகிரியிலதான் எடுக்குறேன்.

பீமுக்கு சரியா நடுவுல எடையைப் போட்டேன். முன்பக்கம் சின்ன அழுத்தம் மாதிரி ஒண்ணு, விரல்ல தடவினாத்தான் தெரியும். அண்ணன் சொன்ன மாதிரி டார்ச் பிடிச்சேன், வெள்ளையா ஒரு நிலக்கடலை வடிவம், நீளவாக்குல 32 மிமீ. அகலத்துல கிட்டத்தட்ட ஓரம் வரைக்கும் போயிருக்கு.

முதல் மோட் 112.4ல இருந்து 112.2. ரெண்டாவது 309.1ல இருந்து 303.0. மூணாவது 603.8ல இருந்து 600.9.

ரெண்டாவது மட்டும் ஏன் இவ்வளவு விழுந்துச்சுன்னு மொதல்ல மைக்கையே சந்தேகப்பட்டேன், மறுநாள் திரும்ப எடுத்தேன், அதேதான் வருது. ஓங்கித் தட்டினா ரெண்டாவது மோட் இன்னும் 0.4 இறங்குது.

பழைய_லேப்

மைக் மேல தப்பில்ல. ரெண்டு பக்கமும் ஃப்ரீயா தொங்குற பீம்ல முதல் மோடும் மூணாவது மோடும் நடுவுல சமச்சீர், அங்க வளைவு உச்சம், ஷியர் சுழி. ரெண்டாவது மோட் எதிர்ச்சீர், நடுவுல வளைவு சுழி, ஷியர் உச்சம். நீங்க அடிச்சது நடுவுல. நோட்டுப் புத்தகம் வழுக்குறது ரெண்டாவது மோட்ல மட்டும்தான், அதனால அது 2 சதவீதம் விழுந்துச்சு, முதல் மோட் 0.2ஓட நின்னுச்சு. மூணாவது அரை சதவீதம் விழுந்தது, பழுது ஒரு புள்ளி இல்லாம 32 மிமீ நீளமா இருக்கதால, நடுவுக்கு ரெண்டு பக்கமும் இருக்குற ஷியர் கொஞ்சம் மாட்டியிருக்கும். அடிபட்ட இடத்துல இழையும் கொஞ்சம் உடைஞ்சிருக்கலாம், முதல் மோட்ல அந்த 0.2 அதுல இருந்து வந்திருக்கும்னு எனக்குத் தோணுது.

இதுல இன்னொரு விஷயம் இருக்கு, கவனிச்சீங்களா? ஒவ்வொரு மோடும் எவ்வளவு விழுந்துச்சுங்கிற விகிதத்தை வச்சு பழுது எங்கன்னு சொல்லலாம். 1979லயே இதே காலி, ஆடம்ஸ் எழுதினது. பழுதோட அளவு கூடினா எல்லா மோடும் சேர்ந்து விழும், விகிதம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும், அந்த விகிதம் இடத்துக்கு இடம்தான் மாறும். 1993ல ரிட்டர்னு ஒருத்தர் இந்தத் துறையை நாலு படியா பிரிச்சார், பழுது இருக்கா, எங்க இருக்கு, எவ்வளவு, இன்னும் எவ்வளவு நாள் தாங்கும். நீங்க போன மாசம் மொதப் படியிலயே வழுக்கிட்டு இருந்தீங்க, இப்ப ரெண்டாவதுல கால் வச்சாச்சு.

அடுத்த பீம்ல நடுவுல அடிக்காதீங்க, முனையில இருந்து கால்வாசி தூரத்துல அடிங்க. அப்ப ஒரு சிக்கல் வரும், முன்கூட்டியே சொல்லிடுறேன். பீம் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கதால இடது கால்வாசியா வலது கால்வாசியான்னு ஃப்ரீக்வென்சி மட்டும் வச்சு சொல்லவே முடியாது. ஒரு முனையில ஒரு கிராம் களிமண்ணை ஒட்டி இன்னொரு செட் எடுங்க, அடிக்கிறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் ரெண்டு தடவையும். சமச்சீர் உடைஞ்சுடும், இடமா வலமான்னு அது காட்டிக் கொடுக்கும்.

வன்னி_விமானம்

வாசிக்கச் சந்தோசமாக் கிடக்கு தம்பி. முன்னுக்கு விரலால தடவினால்தான் தெரியும், உள்ளுக்கு 32 மில்லிமீற்றர் எண்டு எழுதினீங்கள் பாருங்கோ, எங்கட வேலையில பயப்பிடுறது முழுக்க அதுக்குத்தான். கருவி தவறி விழுந்தது, படிவண்டி இடிச்சது, ஆலங்கட்டி மழை. அந்தப் படம் இருந்தால் இஞ்ச போட்டு விடுங்கோ, எங்கட புதுப் பிள்ளையளுக்குக் காட்டுவன்.

கதிர்_மெக்

கண்டிப்பா போடுறேன் அண்ணா, முன்பக்கம் ஒண்ணு டார்ச் பிடிச்சது ஒண்ணு, ரெண்டும் பக்கத்துல பக்கத்துல. சார், களிமண் ஐடியா சூப்பர், நாளைக்கே ஆரம்பிக்கிறேன். ரிவ்யூவுக்கு வைஸ்ல எடுத்த பத்து ரீடிங்கையும் ஒரு பக்கமா வைக்கப்போறேன், கைடு அத எடுத்துடுன்னு சொன்னாங்க, நான் வேணும்னு கேட்டு வாங்கிட்டேன்.

கயிறும்_காத்தும்

தம்பி, கழிச்சுப் போட்ட பிளேடுல இருந்து வெட்டுன துண்டு ரெண்டு எங்க ஷெட்ல கிடக்கு, ஓனர்ட்ட கேட்டுட்டேன், எடுத்துக்கிடச் சொல்லிட்டாரு. ஒண்ணு முழு லேமினேட், ஒண்ணு நடுவுல பால்சா வச்சது, ரெண்டாவதுல ஒரு ஓரத்துல தட்டுனா டொப்புனு கேக்கு. எந்த ஓரம்னு நான் சொல்லல. பஸ்ல போட்டு விடுதேன், நீங்க நரம்புல தொங்க விட்டு கண்டுபிடிச்சு எழுதுங்க, நான் வட்டம் போட்ட போட்டோவை அதுக்கப்புறம் போடுதேன்.